தோட்டத்துக் கோழிக்குப் புழு என்றால் நமக்கும் வருமா? கொங்குப் பகுதியில் கோழி வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோழி எச்சத்தில் புழு நெளிவதைப் பார்த்ததும் வீட்டுப் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி குழந்தையைப் பற்றித்தான். "இந்த வாசல்லதானுங்க பாப்பா தவழுது, அதுக்கும் ஒட்டிக்குமுங்களா?" காங்கயம், தாராபுரம், பெருந்துறைப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் எந்தத் தோட்டத்துச் சாளைக்குப் போனாலும் இது காதில் விழும்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும் அந்தப் புழு உங்கள் குழந்தைக்கு வராது. கண்ணுக்குத் தெரியாத வேறு சில வரும். அவற்றில் மிக முக்கியமான ஒன்று, நோயின் சாயலே இல்லாமல் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருக்கும் கோழியின் சதைக்குள் இருக்கலாம். எது கோழியோடு நின்றுவிடும், எது நம்மிடம் தாவும் என்பதைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாததால்தான் பயந்துபோய் மருந்தை அள்ளி ஊற்றி, அந்த மருந்தை முட்டை வழியாக நாமே தின்கிறோம்.

கோழியோடு நின்றுவிடுபவை

பெரிய உருண்டைப்புழுவின் பெயர் அஸ்காரிடியா காலி. வெள்ளை கலந்த மஞ்சள் நிறத்தில் 2 முதல் 4 அங்குல நீளம் இருக்கும். எச்சத்தோடு வெளியே வருவதை நாம் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். சத்தையெல்லாம் இது உறிஞ்சிக்கொள்வதால் கோழி நெஞ்செலும்பு துருத்திப்போய், கொண்டை வெளுத்து நிற்கும். அளவுக்கு மீறிப் பெருகினால் குடலையே அடைத்துவிடும். ஆனால் மனிதக் குடலில் இது குடியிருக்காது. எப்போதாவது ஒரு முட்டையை உடைத்தால் உள்ளே இந்தப் புழு கிடப்பதுண்டு. அருவருப்பாக இருக்கும், தூக்கிப் போட்டுவிடலாம். அதனால் நோய் வராது.

நாடாப்புழுக்களில் நம் கோழிகளிடம் அடிக்கடி காண்பது ரெய்லட்டினா வகை. எச்சத்தின் மேல் அரிசி மணிபோல வெள்ளைத் துண்டுகள் அசைந்தால் அதுதான். ஒரு கோழியிலிருந்து இன்னொரு கோழிக்கு இது நேராகப் போகாது. நடுவில் எறும்பு, வண்டு, வீட்டு ஈ ஏதாவது ஒன்று அந்தப் புழுவின் முட்டையைத் தின்ன வேண்டும். பிறகு அந்தப் பூச்சியைக் கோழி கொத்த வேண்டும். தரையையே மிதிக்காத நாமக்கல் கூண்டுக் கோழிக்கும் நாடாப்புழு வருவது இப்படித்தான். கூண்டுக்குக் கீழே குவியும் எச்சம் ஈரமானால் ஈ பெருகும், ஈயோடு நாடாப்புழுவும் மேலே ஏறும்.

இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா, புழு அல்ல. ஒற்றைச் செல் உயிரி. கோழியைத் தாக்க 7 இனங்கள் உண்டு. குஞ்சுகளை 3 முதல் 6 வார வயதில் கொத்துக் கொத்தாகக் கொன்றுபோடும். பண்ணைக்கு இதைவிடப் பெரிய நட்டம் தரும் ஒட்டுண்ணி வேறு இல்லை. பார்க்கவே பயங்கரமான இந்த நோயும் கோழியை விட்டு ஆடு, மாடு, மனிதர் யாருக்கும் வராது.

குழந்தைகளுக்கு ஆசனவாயில் அரிப்பு தரும் கீரிப்பூச்சி மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே பரவும். அதற்குக் கோழியைக் குற்றம் சொல்லிக் கூட்டைக் காலி செய்தவர்கள் உண்டு. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்களையொட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரை இதுபோன்ற மனிதப் புழுக்களுக்குத்தான். குழந்தைக்குத் தவறாமல் கொடுங்கள்.

நம்மிடம் தாவுபவை

முதலாவது டாக்சோபிளாஸ்மா. இதற்கு மூலம் பூனை. பூனை எச்சம் கலந்த மண்ணைக் கொத்தும் கோழியின் சதை, இதயம், மூளை ஆகியவற்றில் நுண்ணிய கட்டிகளாகத் தங்கிவிடும். கறி அரைவேக்காடாக இருந்தால் நமக்கு வரும். மேய்ச்சல் கோழி எந்நேரமும் மண்ணைக் கொத்துவதால், ஒரு ஊரின் மண்ணில் இந்த ஒட்டுண்ணி இருக்கிறதா என்று கண்டறிய ஆய்வாளர்கள் கோழியைத்தான் பிடித்துச் சோதிக்கிறார்கள்.

இரண்டாவது டாக்சோகாரா. நாய், பூனைகளின் உருண்டைப்புழு. அதன் முட்டையைக் கோழி விழுங்கினால் குஞ்சுப்புழு கோழியின் ஈரலில் போய் ஒளிந்துகொள்ளும். அந்த ஈரலைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நம் ஈரல், நுரையீரல், சில நேரம் கண் வரை அலையும்.

மூன்றாவது கிரிப்டோஸ்போரிடியம் மெலியாக்ரிடிஸ். வான்கோழியிலும் கோழியிலும் காணப்படும் இது, எச்சம் பட்ட கை, தண்ணீர் வழியாக மனிதருக்கு வந்து நீர்த்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும். திடமாக இருப்பவர்களுக்குத் தானே சரியாகிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை வாரக்கணக்கில் படுத்தும்.

நான்காவது கோழிச் செள்ளு. உடம்புக்குள் நுழையாது, கடிக்கும். அரிப்பு தாங்காது.

இவற்றோடு சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு பாக்டீரியாக்களையும் சொல்லாமல் விட முடியாது. அவை ஒட்டுண்ணி அல்ல. ஆனால் கோழி வழியாக மனிதருக்கு வரும் வயிற்றுக்கோளாறுகளில் இவற்றின் பங்குதான் பெரிது. கீழே அடுப்படி பற்றிச் சொல்வதெல்லாம் இவற்றுக்கும் சேர்த்துத்தான்.

வளர்ப்பு முறையைப் பொறுத்து அபாயமும் மாறும். நாமக்கல் கூண்டிலும், பல்லடம் ஷெட்டுகளில் நார்க்கழிவு பரப்பி வளர்க்கும் பிராய்லரிலும் டாக்சோபிளாஸ்மா அரிது. பூனை எச்சம் அங்கே எட்டுவதில்லை, பிராய்லர் 6 வாரம்கூட முழுதாக வாழ்வதில்லை. ஆண்டுக்கணக்கில் மண்ணில் மேயும் நம் நாட்டுக்கோழியில்தான் அது அதிகம். நாட்டுக்கோழி என்றாலே சுத்தம், பிராய்லர் என்றாலே விஷம் என்று பேசுவோருக்கு இது பிடிக்காது. ஆனாலும் உண்மை இதுதான். நாட்டுக்கோழியை விடச் சொல்லவில்லை. அதை வளர்க்கும் மண்ணைக் கவனிக்கச் சொல்கிறேன்.

முதல் வேலை: விடியற்காலையில் எச்சத்தைப் பாருங்கள்

கூட்டைத் திறந்துவிட்டதும் தீவனத்தைக் கொட்டுவதற்கு முன்னால், கோழி இரவு அடைந்த இடத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். நல்ல எச்சம் பழுப்பாகக் கெட்டியாக இருக்கும், மேலே வெள்ளைப் படலம் இருக்கும். இடையிடையே சாக்லேட் நிறத்தில் கூழாக, நாற்றமாக ஒரு எச்சம் கிடக்கும். அது பெருங்குடல் பையிலிருந்து வருவது, சீக்கு அல்ல. புதிதாக வளர்ப்பவர்கள் இதைக் கண்டு பதறிப்போய் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை வேறு. குஞ்சுகளின் எச்சத்தில் புதிய ரத்தம், குஞ்சு இறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்குவது, கொண்டை வெளுப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் இரத்தக்கழிச்சல். அன்றைக்கே மருந்து ஆரம்பிக்க வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து திருகி விழுந்தால் அது வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிக்கெட், வைரஸ் நோய். அதற்குப் புழு மருந்து கொடுப்பது வீண். தடுப்பூசி முன்பே போட்டிருக்க வேண்டும்.

ஒரே இரவில் பல கோழிகள் திடீரென்று செத்துக் கிடந்தால் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்காதீர்கள். அறுத்துப் பார்க்க வேண்டாம், கறியாக்க வேண்டாம், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பாதி விலைக்குக் கொடுக்கவும் வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். பறவைக் காய்ச்சல் இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு.

இரண்டாவது: மருந்துக்கு முன்னால் சோதனை

4, 5 கோழிகளின் அன்றைய புது எச்சத்தைத் தனித்தனியாகச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெயில் படாமல் எடுத்துப் போங்கள். கால்நடை மருந்தகத்தில் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி வைப்பார்கள். புழு முட்டைகள் மேலே மிதந்து வரும், நுண்ணோக்கியில் தெரியும். எந்தப் புழு, எவ்வளவு என்று தெரிந்த பிறகு வாங்கும் மருந்துக்கும், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கும் நிறைய வித்தியாசம். உருண்டைப்புழு மருந்துகளில் பல நாடாப்புழுவை அசைப்பதே இல்லை.

சீக்கில் செத்த குஞ்சு இருந்தால் அதையும் கொண்டுபோகலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இதற்குப் பேர்போன இடம். மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவும் இருக்கிறது. ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் குடலைச் சரியாகப் பார்க்க முடியாது. அறுத்துக் காட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பெருங்குடல் பைகள் இரண்டும் கருஞ்சிவப்பாக உப்பி, உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருப்பதை ஒருமுறை பார்த்தவர், ஈரத்தரையில் குஞ்சு விடுவதைப் பற்றி இரண்டு முறை யோசிப்பார்.

மூன்றாவது: தரை. இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது

எச்சத்தோடு விழும் ஒட்டுண்ணி முட்டை விழுந்தவுடனே நோய் தராது. தரையில் கிடந்து பக்குவப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. ஐமீரியாவுக்கு 1 முதல் 2 நாள். அதற்கும் ஈரமும் சூடும் காற்றும் வேண்டும். பூனை எச்சத்தில் வரும் டாக்சோபிளாஸ்மாவுக்கு 1 முதல் 5 நாள். உருண்டைப்புழு முட்டைக்கு ஏறத்தாழ 2 வாரம். இந்தக் கெடுவுக்குள் எச்சம் தரையை விட்டுப் போய்விட்டால் சங்கிலி அறுந்தது. மருந்தில்லாமல், செலவில்லாமல் அறுந்தது.

ஆகவே கணக்கு எளிது. குஞ்சு அடையும் இடத்தைத் தினமும் கூட்ட வேண்டும். பெரிய கோழி அடையும் கூட்டை வாரம் ஒருமுறையாவது சுரண்டிக் கழுவிக் காயவிட வேண்டும். வாசலில் பூனை எச்சத்தைக் கண்டால் அன்றைக்கே மண்ணோடு அள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஐமீரியாவுக்கு அந்த இடைவெளி போதும்.

இரவுக் கூட்டின் அடித்தளத்தைத் தரையிலிருந்து 2 அல்லது 3 அடி உயர்த்தி, மூங்கில் சப்பையோ கம்பி வலையோ போட்டுவிட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும். கோழி அதை மிதிக்காது, கொத்தாது. இரவெல்லாம் போடும் எச்சம் ஒரே இடத்தில் சேர்வதால் அள்ளுவதும் சுலபம். ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்ற எதுவும் இதற்கு ஈடாகாது.

ஷெட்டில் கூளம் பரப்பி வளர்ப்பவர்கள் ஈரத்தைப் பார்க்க வேண்டும். நார்க்கழிவோ கடலைத்தோலோ, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். பிடித்த வடிவில் உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி. தண்ணீர்த் தட்டைச் சுற்றியும் நிப்பிள் குழாய்க்குக் கீழேயும்தான் முதலில் ஈரமாகும். அங்கே கையை வைத்துப் பாருங்கள், ஷெட் நடுவில் பார்த்து ஏமாறாதீர்கள். நனைந்த கூளத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், மற்ற இடத்தைக் கிளறிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கவாட்டுப் படுதாவை முழுக்க இறக்கிக் காற்றை அடைத்துவிடுவது பலரின் வழக்கம். சாரலைத் தடுக்க வேண்டும், ஆனால் மேல்பக்கம் காற்றுக்கு இடம் விட வேண்டும். கண் எரிகிற அளவு அமோனியா நெடி வந்தால் கூளம் நனைந்துவிட்டது என்று பொருள்.

பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன், ஆனாலும் இரத்தக்கழிச்சல் வருகிறதே என்று கேட்பார்கள். பக்குவப்பட்ட ஐமீரியாவின் ஓட்டைச் சாதாரணக் கிருமிநாசினி துளைக்காது. பிளீச்சிங் பவுடருக்கும் அது அசையாது. அதைக் கொல்வது சூடும் உலர்வும். கொதிக்கும் தண்ணீர், இரும்புக் கூண்டுக்கு நெருப்பு வாட்டுதல், பிறகு நல்ல வெயில். எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் கொடுமை என்கிறோம், கோழித்தரைக்கு அதைப்போல மருந்து இல்லை. ஒரு பேட்ச் முடிந்ததும் அந்த ஷெட்டைக் காலியாக விட்டு வெயில் குடிக்க விடுங்கள்.

மேய்ச்சலுக்கு விடுபவர்களுக்குக் கொறங்காட்டுக்காரர்களின் வழியே வழி. கிளுவை வேலி போட்டு, ஒரு அடைப்பில் ஆடு மாடு மேய்ந்ததும் அடுத்த அடைப்புக்கு மாற்றி, முதலாவதை ஆறவிடுவது காங்கயம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. கோழிக்கும் அப்படியே இரண்டு மூன்று அடைப்பு வையுங்கள். உருண்டைப்புழு முட்டை நிழலான ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். வெயில் படும் காய்ந்த தரையில் சீக்கிரம் செத்துவிடும். அதனால் ஒரு அடைப்பாவது கோடை முழுவதும் கோழி படாமல் கிடக்கட்டும். எந்நேரமும் தொட்டித் தண்ணீர் வழிந்து சேறாகக் கிடக்கும் மூலையை வேலி போட்டு அடைத்துவிடுங்கள்.

குஞ்சையும் தாயல்லாத பெரிய கோழிகளையும் ஒன்றாக அடைக்காதீர்கள். பெரிய கோழி நோயைத் தாங்கி, வெளியே தெரியாமல் ஒட்டுண்ணி முட்டைகளை எச்சத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். காலையில் முதலில் குஞ்சுக் கூட்டு வேலை, பிறகு பெரிய கோழி. செருப்பு வழியாகக்கூடப் போகும். வான்கோழியைக் கோழியோடு விடவே கூடாது. கோழியின் பெருங்குடல் பைப் புழு தன் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற உயிரியைச் சுமக்கிறது. கோழி அதைத் தாங்கிக்கொள்ளும், வான்கோழி ஈரல் கெட்டுச் சாகும்.

அள்ளிய எச்சத்தை என்ன செய்வது? மஞ்சள், வாழை, தென்னை என்று எல்லாவற்றுக்கும் கோழி எரு கேட்டு வருகிறார்கள். பச்சையாகக் கொடுக்காதீர்கள், கீரைப்பாத்திக்கு நீங்களும் போடாதீர்கள். குவித்து, ஈரம் அளவாக வைத்து, இடையிடையே புரட்டினால் குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் புழு முட்டையும் பாக்டீரியாவும் அழியும். வெளிப்பக்கம் இருப்பது உள்ளே போகுமாறு சில முறை புரட்டுவது முக்கியம்.

நான்காவது: மருந்தும், மருந்தின் ஆபத்தும்

இரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம், டோல்ட்ராசுரில் போன்றவற்றைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அளவை டாக்டர் சொல்லட்டும். ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் தெம்புக்கு என்று பி-காம்ப்ளெக்ஸ் டானிக் சேர்த்து ஊற்றாதீர்கள். வைட்டமின் பி1-ஐப் போல வேடமிட்டு ஐமீரியாவை ஏமாற்றுவதுதான் அந்த மருந்தின் வேலை. நீங்கள் உண்மையான பி1 கொடுத்தால் மருந்து தோற்றுவிடும். டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

புழுநீக்கத்தை மேயும் குஞ்சுகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, பிறகு எச்சச் சோதனையைப் பார்த்து 2 அல்லது 3 மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். பைபரசின் உருண்டைப்புழுவை மட்டும் வெளியேற்றும். ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் இன்னும் பல வகைகளுக்குக் கேட்கும். நாடாப்புழு உறுதி என்றால் பிராசிகுவாண்டல் போன்ற தனி மருந்து வேண்டும். அல்பெண்டசோல் தண்ணீரில் கரையாது, அடியில் தங்கிவிடும். குடம் தண்ணீரில் ஊற்றி வைத்தால் முதலில் குடிக்கும் கோழிக்கு வெறும் தண்ணீர், கடைசியில் குடிக்கும் கோழிக்கு அத்தனை மருந்தும் போகும். சிறிதளவு தீவனத்தில் நன்றாகப் பிசைந்து வைப்பது அல்லது ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் விடுவது நல்லது.

குப்பைமேனி, வேப்பிலை, சோற்றுக்கற்றாழை, மஞ்சள் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ரத்தமாகக் கழியும் குஞ்சுக்கு அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அதற்கு இருக்கும் நேரம் மிகக் குறைவு.

மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அட்டையில் போட்டிருக்கும். ஆட்டுக்கு என்று வாங்கிய மருந்தில் கோழி முட்டைக்கான கெடு இருக்காது, டாக்டரைக் கேட்காமல் அதைக் கோழிக்குக் கொடுக்காதீர்கள். அந்த நாட்களின் முட்டையைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள், பேரப்பிள்ளைக்கும் அவித்துக் கொடுக்காதீர்கள்.

பிராய்லர் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சாலினோமைசின், மோனென்சின் போன்றவை சேர்ந்திருக்கலாம். கோழிக்குப் பாதுகாப்பான சாலினோமைசின் வான்கோழியைக் கொல்லும். குதிரைக்கு இரண்டுமே விஷம். மீந்த தீவனத்தை வீட்டு மற்ற உயிர்களுக்குக் கொட்டாதீர்கள்.

ஐந்தாவது: பூனை, நாய்

பூனைக்கு முதல்முறை டாக்சோபிளாஸ்மா தொற்றும்போது ஓரிரு வாரங்களுக்கு லட்சக்கணக்கில் அதன் முட்டைகளை எச்சத்தில் வெளியேற்றும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். ஆக, எலி பிடிக்கத் தொடங்கும் குட்டிப்பூனைகள்தான் முக்கிய மூலம். அந்த முட்டை ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் இருக்கும். தென்னை அடி, மணல் குவியல், காய்கறிப் பாத்தி என்று பூனை தோண்டி மூடும் இடத்தையே கோழியும் கிளறும்.

தோட்டத்தில் பூனையை ஒழிக்க முடியாது, எலிக்கு அது வேண்டும். செய்யக்கூடியது இதுதான். தீவன மூட்டையையும் மணல் குவியலையும் மூடி வையுங்கள். கோழி அறுத்த குடல், தலை, இறகை பூனைக்கும் நாய்க்கும் எறியாதீர்கள். கோழி மூளையிலும் சதையிலும் இருக்கும் கட்டியைப் பூனை தின்றால் சுற்று மறுபடி தொடங்கும். கழிவை ஆழக்குழியில் புதையுங்கள். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் தவறாமல் புழு மருந்து கொடுங்கள், டாக்சோகாராவுக்கு அதுதான் அணை.

"ஏனுங்க்கா, மாசமா இருக்கறேன், கோழிக்கூட்டைக் கூட்டலாமுங்களா?" என்று கேட்ட பெண்ணிடம் பக்கத்துத் தோட்டத்து அக்கா சொன்ன பதில் சரியானது: "இந்த ஒம்போது மாசமும் அந்த வேலைய உன்ற வூட்டுக்காரரு பாக்கட்டும் கண்ணு. கறி மட்டும் நல்லா வெந்ததாப் பாத்துத் தின்னு." கர்ப்ப காலத்தில் முதல்முறையாக டாக்சோபிளாஸ்மா தொற்றினால் கருவின் மூளை, கண் பாதிக்கப்படலாம், கரு கலையலாம். மண் வேலை தவிர்க்க முடியாவிட்டால் கையுறை போடுங்கள். கீரை, கொத்தமல்லியைப் பல தண்ணீர் விட்டு அலசுங்கள். கோழியைத் தொடுவதால் இது வராது. மண்ணும் வேகாத கறியும்தான் வழி.

ஆறாவது: இரவில் கடிக்கும் செள்ளு

கோழி காலில் செதில் தூக்கி நிற்பது, இறகுக்குள் பேன் ஓடுவது எல்லாம் கோழியின் தொல்லை. கோழிப்பேன் நம் மேல் ஏறினாலும் தங்காது. சிவப்புச் செள்ளு வேறு. பகலில் கூட்டின் இடுக்கில் ஒளிந்துகொள்ளும், இரவில் வந்து ரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பிடித்து எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இரவில் டார்ச்சோடு போய், கோழி அடையும் கம்பின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அதுதான்.

கூடு வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தாலோ, அடைக்கோழி எழுந்துபோன கூடையைத் திண்ணையில் வைத்திருந்தாலோ, பசித்த செள்ளு வீட்டுக்குள் வரும். கை, கழுத்து, இடுப்பில் சிவந்த தடிப்பும் அரிப்பும் வரும். தோலுக்கு மருந்து தடவிப் பயனில்லை, கூட்டைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பு, கூடை, பஞ்சாரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றுங்கள். உலோகத்தை நெருப்பில் வாட்டுங்கள். சுவர் விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். 7 முதல் 10 நாளில் இன்னொரு முறை செய்ய வேண்டும், மிச்சமிருந்த முட்டை அதற்குள் பொரித்திருக்கும். ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் ஜந்து இது. கூட்டைக் காலியாகப் போட்டுவிட்டால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். கோழிகள் புரள ஒரு குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வைத்தால் அவை தம் பேனைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

பருத்திக்கும் காய்கறிக்கும் அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேலும் கூட்டுக்குள்ளும் அடிப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் இதே செள்ளுக்காகத் தடைசெய்யப்பட்ட ஃபிப்ரோனில் பயன்படுத்தப்பட்டு, முட்டைக்குள் அது இறங்கி, ஐரோப்பாவெங்கும் கோடிக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டியதாயிற்று. அங்கே சோதனை நடந்தது, தெரிந்தது. நம் வாசல் முட்டையை யாரும் சோதிப்பதில்லை.

ஏழாவது: அடுப்படி

கறியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டுவிட்டால் மேலே சொன்ன ஒட்டுண்ணிகளும் பாக்டீரியாக்களும் உயிரோடு இருக்காது. நம் குழம்பும், சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எண்ணெயில் வதங்கும் பள்ளிபாளையம் சிக்கனும் இந்தச் சூட்டைத் தாண்டிவிடும். குக்கரில் நாலைந்து விசில் விட்ட நாட்டுக்கோழியில் கவலையே இல்லை.

கவலை வேறு இரண்டு இடங்களில். கோழியை அறுத்து, மஞ்சள் தடவி, நெருப்பில் வாட்டும்போது சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு ஈரலைக் குச்சியில் குத்திச் சுட்டுக் கொடுப்போம். வெளியே கருகியிருக்கும், பிட்டால் நடுவில் ரத்தச்சிவப்பு. டாக்சோகாரா குடியிருப்பது இந்த ஈரலில்தான். ஆசையாகக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, மெல்லிசாகக் கீறி நடுவும் வெந்து நிறம் மாறும் வரை சுடுங்கள். இன்னொன்று, பச்சைக் கறி வெட்டிய அருவாமனையிலேயே அலசாமல் வெங்காயம், கொத்தமல்லி அரிவது. கறி வெட்டிய மனை, கத்தி, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அடுத்த வேலை. உப்புப் பார்க்கிறேன் என்று வேகாத மசாலாவை நாக்கில் வைக்காதீர்கள்.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம். முட்டை வழியாக டாக்சோபிளாஸ்மா வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் சால்மொனெல்லா வரும். அவித்த முட்டை கொடுத்து, எண்ணெயைத் தனியாகக் கொடுங்கள், முட்டையின் சத்து எங்கும் போய்விடாது. ஆஃப்பாயிலும் கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் வேண்டாம். மஞ்சள் கருவில் தெரியும் ரத்தப்புள்ளி ஒட்டுண்ணி அல்ல, அதற்காக முட்டையை வீசாதீர்கள்.

யார் டாக்டரிடம் போக வேண்டும்

கழுத்தில் நெறிகட்டிக் காய்ச்சல் வாரக்கணக்கில் இருப்பது, ஒரு கண்ணில் பார்வை மங்குவது, நீராகப் போகும் வயிற்றுப்போக்கு ஒரு வாரத்தைத் தாண்டுவது, வீட்டில் எல்லோருக்கும் இரவில் மட்டும் தடிப்பும் அரிப்பும் வருவது ஆகியவற்றுக்கு மருத்துவமனை போங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டில் இருந்தால் வாரம் வரை காத்திருக்க வேண்டாம், கோழிக்கூட்டு வேலையும் அவர்களுக்கு வேண்டாம். கர்ப்பம் உறுதியானதும் டாக்சோபிளாஸ்மா ரத்தச் சோதனை தேவையா என்று மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், வீட்டில் கோழி, பூனை, நாய் வளர்ப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோழிக்கு அண்மையில் கொடுத்த மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.